ஒக்கூர் பிக்கப்பை ஏன் வாங்கவில்லை

அன்பு மகன் சிவத்துக்கு அம்மா எழுதுவது.

இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு குறை சொல்லும்படி இல்லை, அப்பாவுக்குப் படி ஏறும்போது மட்டும் இடது முழங்கால் வலிக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஏசிக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போய்ச் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்றால் எனக்கு அது போதும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் கடை ஆர்டரெல்லாம் என் போனில்தான் வருகிறது, அதையும் அவர்தான் எடுத்துப் பார்க்கிறார். அவருக்குத் தெரியக்கூடாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆகாஷ் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

சோணை மாமா வாக்கு மாறிவிட்டார், நமக்குத் தருவதாகச் சொன்ன பிக்கப்பை வேறு ஆளுக்குப் பேசிவிட்டார் என்று அப்பா போன மாதம் உன்னிடம் சொன்னார். மாமாவா அப்படிச் செய்தார் என்று நீ கேட்டாய், நான் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். நடந்தது அது இல்லை. நமக்கு வண்டி ஏன் அவசரம் என்பது உனக்குத் தெரியும். அதற்கு முந்தின முகூர்த்தத்தில் வாடகை வண்டி இட்லிக் கொப்பரை, அண்டா, ஜமக்காளம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குன்றக்குடி ரோட்டில் நின்றுவிட்டது, கல்யாண வீட்டில் பலகாரம் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் பந்திக்கு வந்தது. அந்த வீட்டார் இனி நம்மிடம் சாமான் எடுக்கமாட்டார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் வாடகைப் பாத்திரக் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று அப்பா வாய்விட்டே சொன்னார். அந்த நேரத்தில்தான் மாமா, நம்ம வண்டி சும்மாதானே நிக்கிது, எடுத்துக்கங்க மாப்பிள்ளை என்றார். மாமா மில் வேலையை விட்டதிலிருந்து அது வேப்பமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் நின்றது. நீ போனில் சொன்னதையெல்லாம் நான் மனதில் வைத்திருந்தேன், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைத்தான் காலையில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும், பில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கிப் பார்க்க வேண்டும், தண்ணீர் இருந்தால் கீழே தங்கும், உலோகத்தூள் மினுங்கினால் பம்ப் தேய்கிறது என்று அர்த்தம் என்றாய். அப்பாவிடம் சொன்னதற்கு, மச்சான் வீட்டு வண்டியச் சோதிச்சுப் பாத்துத்தான் வாங்குவியாக்கும், நாளைக்கி ஒங்க அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்ப என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒக்கூருக்கு, மாமா வீட்டுக்குப் போனோம். மறுநாள் ராகு காலம் கழிந்ததும் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. பிறந்த வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகிற பொருள் சாமி பார்க்காமல் போகக்கூடாது என்று மாமா வண்டியைக் கழுவி நாட்டரசன்கோட்டைக்கு ஓட்டிப் போய்க் கண்ணாத்தாள் கோயிலில் பூசை போட்டு, நாங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பானெட்டின் மேல் சந்தனம், குங்குமம், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு பெரிய மாலை. கை வைத்துப் பார்த்தேன், தோசைக் கல் மாதிரி இருந்தது. அந்தச் சூட்டில் சாவி போட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது, அப்பா ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, பட்டு மாதிரி போகுது என்றார். பில்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லப்போக, உன் துர்கா அத்தை ஓடிவந்து, பூப்போட்ட வண்டியில பானெட்டத் தூக்காதீக ரேணுகா, அபசகுனம், வீட்டுக்குக் கொண்டு போயி அக்கக்காப் பிரிச்சுக்கூடப் பாருங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா சட்டைப் பையில் அட்வான்ஸ் கவரை வைத்தபடியே படுத்துக்கொண்டார், திருப்பதிக்கு முடிந்து வைத்த காசைப் போல.

விடிவதற்கு முன்னால் எனக்கு விழிப்பு வந்தது. ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து ஓடுகிற சத்தம், எஞ்சின் பிடிக்கவில்லை. நின்றது. கொஞ்ச நேரத்தில் டக் டக்கென்று கையால் எதையோ அடிக்கிற சத்தம், மறுபடி ஸ்டார்ட்டர். ஜன்னல் வழியாக வெள்ளைப் புகை உள்ளே வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், மாமா மாலையைக் கழற்றி மதிலின் மேல் வைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். என்னைப் பார்த்ததும், என்னத்தா, அதுக்குள்ள எந்திரிச்சிட்ட என்றார். பூப்போட்ட வண்டியில பானெட்டத் தூக்கக்கூடாதுன்னு மதினி சொன்னாக, நீக தூக்கிட்டீகளே அண்ணே என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காத்துப் பிடிச்சிருக்கு, ராத்திரி நின்னா டீசல் டேங்குக்கே இறங்கிப் போயிருது, பம்ப் அடிச்சுவிட்டா அப்புறம் நாள் முழுக்க ஓடும் என்றார். அப்படியானால் நாங்கள் எழுந்து வரும்போது எஞ்சின் சூடாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் அந்த நேரத்தில் எழுந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற யோசனை மட்டும்தான் இருந்தது. பில்டர்ல கொஞ்சம் இறக்கிக் காட்டுங்கண்ணே என்றேன். அவர் மறுக்கவில்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன், அடித் திருகை அவரே தளர்த்திப் பிடித்தார். மதிலில் வைத்து இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியது, அதில் துருத்தூள் சிவப்பாகப் படிந்தது, வெளிச்சம் வந்ததும் பாட்டிலைத் திருப்பினால் கோலப்பொடியில் ஜிகினா கலந்த மாதிரி மினுங்கியது. பம்பு தேயுது, காரைக்குடியில பாத்த மெக்கானிக்கு சொன்னான், எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதுன்னான் என்றார். பிறகு, நம்ம வீட்டுக்குத்தானே போகுது, நின்னா நான் வந்து பாத்துக்கிர மாட்டனா என்றார். கொப்பரைக்குக் காத்துக்கிட்டு நிக்கிற கல்யாண வீட்டுக்காரவுககிட்ட நீக வந்து என்னண்ணே சொல்லுவீக என்று கேட்டேன். அவர் குனிந்து பில்டரின் அடித் திருகை இறுக்கினார்.

அப்பாவை எழுப்பிப் பாட்டிலைக் காட்டியிருக்கலாம். மச்சான் மனம் நோகக்கூடாது என்று தெரிந்தே அந்த வண்டியை வாங்கியிருப்பார், கடை அதோடு போயிருக்கும். இல்லையென்றால் ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்லி அந்த வீட்டு வாசலையே மிதிக்காமல் இருந்திருப்பார், உன் அப்பாவுக்கு நடுவில் ஒன்று கிடையாது. நான் யோசித்துக்கொண்டு நிற்கையிலேயே மாமா பாட்டிலைச் சாய்த்து வாய்க்காலில் ஊற்றிவிட்டு, நீ ஒண்ணும் சொல்லாத, நான் சொல்லிக்கிறேன் என்றார். காப்பி குடிக்கும்போது சொன்னார், தப்பா நெனக்காதீக மாப்பிள்ளை, இந்த வண்டிய முன்னாடியே ஒருத்தருக்குப் பேசியிருந்தேன், மறந்துபோச்சு, இப்ப அவுக கேக்குறாக. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அப்ப மாலையப் போட்டு எங்கள எதுக்கு வரச் சொன்னீக, படம் காட்டவா என்றார். எனக்குத் தெரியாம யாருக்குப் பேசுனீக என்று துர்கா அத்தை நடுவில் புகுந்தாள், ஆமா, ஒன்கிட்ட எழுதி வாங்கிட்டுத்தான் செய்யணுமாக்கும் என்று மாமா அவள் மேல் பாய்ந்தார். காரைக்குடி வரும்வரை பஸ்ஸில் அப்பா சட்டைப் பையிலிருந்த கவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று வழியெல்லாம் தோன்றியது, பஸ் ஸ்டாண்டு வந்ததும் இறங்கிவிட்டேன்.

வண்டி பிறகு அமராவதிபுதூரில் கிடைத்தது. மரியப்பன் என்று ஒருவர், காய்கறி லோடு அடித்தவர், முதுகு ஆப்பரேஷன் முடிந்து ஓட்ட முடியாமல் விற்கிறார். இதற்கும் அப்பா பஞ்சாங்கத்தை எடுத்துப் பத்து மணிக்கு மேல்தான் நல்ல நேரம் என்று தொடங்கினார். பிரம்ம முகூர்த்தத்தை விடவா என்று கேட்டேன். அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, இருட்டோடு குளித்துத் திருநீறு பூசிக் கிளம்பிவிட்டார். மரியப்பன் சட்டைகூடப் போடாமல் வெளியே வந்து, கோழி எந்திரிக்கு முன்ன வண்டி பாக்க வந்தது நீங்கதாம்மா, நான் தொடல, சாவிய நீங்களே போடுங்க என்றார். பானெட் பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. ஒரே சாவியில் பிடித்தது, புகை இல்லை. பாட்டிலில் இறக்கிய டீசல் நல்லெண்ணெய் போல் தெளிவாக நின்றது. சீட் கிழிந்திருக்கிறது, பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது, அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கல்யாணத்துக்கு ஓடிவிட்டது, இதுவரை ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. முன்பின் தெரியாதவர்கிட்ட வாங்குனதுதான் நல்லா ஓடுது, சொந்தம்னு போனா வாக்கு மாறுறாக என்று அப்பா வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

அது அதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். தையில் உன் கல்யாணத்துக்குச் சோணை மாமா கையால் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டாம், எனக்குத் தம்பி முறையில் உள்ள யாராவது செய்யட்டும் என்று அப்பா நேற்று சொன்னார். உன்னிடமும் கேட்பார், நீ சரியென்று சொல்லிவிடக்கூடாது என்றுதான் உனக்குத் தெரியப்படுத்துகிறேன். மாமா நல்லவர் என்று நிரூபிப்பதற்காக இதை எழுதவில்லை. நான் விழிக்காமல் இருந்திருந்தால் அந்த வண்டியைக் கொடுத்துத்தான் இருப்பார். காப்பி நேரத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவரும் அவர்தான். இதில் எது அண்ணன் என்று கொஞ்ச நாள் யோசித்துப் பார்த்தேன், இப்போது யோசிப்பதில்லை. உனக்குத் தாய்மாமன் அவர் ஒருவர்தான்.

ஆகவே லீவில் வந்ததும் முதல் பத்திரிகையை ஒக்கூருக்கு நீயே கொண்டு போ, மாலை நீங்கதான் எடுத்துக் குடுக்கணும் மாமா என்று அப்பா முன்னாலேயே சொல்லிவிடு. மகன் வாய்விட்டுக் கேட்டதை அப்பா தடுக்கமாட்டார். காரணம் எதையும் அவரிடம் சொல்லாதே, மாமாவிடமும் உனக்கு இதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓவர்டைம் பார்க்காதே. கண்ணாத்தாள் துணையிருந்து நீயும் வரப்போகிறவளும் நிறைந்து வாழ வேண்டும். இன்னொன்று, அந்த வண்டியை மாமா யாருக்கும் விற்கவில்லை. வேறு ஆளுக்குப் பேசியதாகச் சொன்னது பொய் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று தார்ப்பாய் போட்டு மூடி, அதே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார் என்று அப்பா இல்லாத நேரத்தில் துர்கா அத்தை போனில் சொன்னாள். பத்திரிகை வைக்கப் போகும்போது அப்பாவும் கூட வருவார். அது என்ன என்று அவர் கேட்டால் மாமாவுக்குச் சட்டென்று வாய் வராது. வைக்கோல் என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரேணுகா முத்தரசு
காரைக்குடி