நீங்கள் போட்ட முடிச்சு

அத்தை,

விரல் நுனியில் இன்னும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று காலை தம்பிக்குக் கல்யாணம். முதல் முடிச்சை அவன் போட, மற்ற இரண்டையும் அக்கா என்ற முறையில் நான் போட்டேன். அந்த நேரம் பார்த்து உங்கள் ஞாபகம் வந்து தாலிக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். "சீக்கிரம்மா, நேரம் ஆவுது" என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

அப்பா எங்களை விட்டுப் போனபோது தம்பி கைக்குழந்தை. வேறு குடித்தனம் வைத்துக்கொண்டவர் எங்களுக்கு ஒரு பைசா அனுப்பவில்லை. அம்மா நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறிப் போய், ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுகளில் பாத்திரம் தேய்த்து எங்களை வளர்த்தாள். "அந்த ஆளு காசு நமக்கு எதுக்கு?" என்று வருஷக்கணக்கில் வீம்பாக இருந்தவள், நான் எஸ்எஸ்எல்சி பாஸ் செய்ததும் மனம் மாறினாள். என்னைக் காலேஜில் பியூசி சேர்ப்பதா, கார்மென்ட்ஸ் வேலைக்கு அனுப்புவதா என்று ஆகிவிட்டது. ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டாள்.

"இவளை நான் கட்டவே இல்லை" என்று கோர்ட்டில் கூசாமல் சொல்லிவிட்டார் அப்பா. கோயிலில் நடந்த கல்யாணம். பதிவும் கிடையாது, போட்டோவும் கிடையாது. வக்கீல் சாட்சி கேட்டார். அப்பா பக்கத்துச் சொந்தத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூடப் பிறந்தவனுக்கு எதிராக உங்களைக் கூப்பிட அம்மாவுக்கு மனசு வரவில்லை.

நீங்களே வந்தீர்கள். விவேக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, ஜரிகை கறுத்துப்போன அரக்குப் பட்டுச்சேலையில் வந்து இறங்கினீர்கள். கோர்ட்டுக்கு யாராவது பட்டு கட்டி வருவார்களா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஜட்ஜிடம் கன்னடத்தில்தான் ஆரம்பித்தீர்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழ் வந்துவிட்டது.

"நான் இவனுக்கு அக்கா சாமி. மொத முடிச்சு இவன் போட்டான், மீதி ரெண்டும் நான் போட்டேன். அதுக்குப் பொண்ணு வீட்ல எனக்கு எடுத்துக் குடுத்த சேலைதான் இது. இவன் போட்டது அவுந்து போச்சுன்னா போவட்டும். நான் போட்டது அப்படியேதான் இருக்கு."

"நீயாக்கா?" என்று மட்டும் கேட்டுத் தலையைத் தொங்கப்போட்டார் அப்பா.

அதன் பிறகு கோர்ட் உத்தரவுப்படி அவர் சம்பளத்திலிருந்தே பிடித்து அனுப்பினார்கள். நான் பியூசி முடித்து, டீச்சர் டிரெய்னிங்கும் முடித்து, இன்று நாலு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எத்தனை நன்றி சொன்னாலும் எனக்கு ஆறவில்லை, அத்தை. உங்கள் தம்பி அதோடு உங்களிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பொங்கல் சீரும் நின்றது. அடுத்த பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்துமாக அம்மா எங்களை உங்கள் வீட்டுக்கு அனுப்பினாள். "ஒரு தம்பி போனா என்னடி, நீங்க இருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தீர்கள். நீங்கள் போன அன்றும் அவர் வரவில்லை. பிறந்த வீட்டுக் கோடியை என் தம்பிதான் கொண்டுவந்து போர்த்தினான்.

இன்று பெண் வீட்டில் எனக்கும் ஒரு பட்டுச்சேலை கொடுத்தார்கள். புதுப்பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னேன்: "இவன் ஏதாவது தப்புப் பண்ணான்னா மொதல்ல எங்கிட்ட வா. இந்தச் சேலைய பத்திரமா வச்சிருப்பேன்."

விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. அன்று கோர்ட்டில் அவனும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.