சவப்பெட்டிக்கு மேலே ஒரு விளம்பரம்

மச்சான்,

இன்று காலை அரிசி டின்னைத் திறக்கப் போனேன். மூடியாகப் போட்டிருந்த, உன் பயிற்சிக் காரின் ‘எல்’ தகடு கை நழுவித் தரையில் விழுந்து, கடகடவென்று ஆடி அடங்கியது. வெள்ளைப் பூச்சு பாதி உதிர்ந்துவிட்டது. சிவப்பு எழுத்து மட்டும் நேற்றுப் பூசியது போல அப்படியே இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் கணினியோடு உட்கார்ந்திருந்த என் மகள், “அப்பா, மீட்டிங்பா!” என்று கையை ஆட்டினாள். அவள் வேலை என்னவென்று எனக்கு இப்போதுதான் ஓரளவு விளங்கியிருக்கிறது. இணையத்தில் மக்கள் எதையாவது தேடும்போது, கடைக்காரர்களின் விளம்பரம் அவர்கள் கண்ணில் படும்படி செய்வாளாம். அதில் மேல் இடத்துக்குக் காசு கூட. பேசி முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“காத்தோங்ல ஒரு கேக் கடைப்பா. எல்லாருக்கும் மேல வரணும்னு அடம்பிடிச்சாரு. மேல போட்டேன். பார்க்கிறவங்க கூடிட்டாங்க, கூப்பிடுறவங்களும் கூடிட்டாங்க. வாங்குறவங்கதான் கூடவே இல்ல. இப்ப கீழ இறக்கிடவான்னு கேட்கிறார்.”

“அங்க போனை யாரு எடுக்கிறா?” என்று கேட்டேன்.

அரிசி டின்னே வாய் திறந்து பேசியது போல அவள் என்னைப் பார்த்தாள். ஏழாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் கேட்கிற கேள்வியா அது? என் கேள்வி இல்லைதான், மச்சான். உன்னுடையது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக என்னிடம் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் நீ கப்பல் பட்டறையின் சாமான் கிடங்கு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? பழைய ஜப்பான் கார் ஒன்று, மேலே ஒரு ‘எல்’ தகடு, கையில் பயிற்சியாளர் லைசென்ஸ். “இனிமே நான் வாத்தியார்டா” என்றாய். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, அது மட்டும் சிரிக்கவில்லை. “கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்போம். ஆள் வரலைன்னா காரை வித்துட்டுக் கிடங்குக்கே போயிடுங்க” என்று சொல்லிவிட்டது. அந்தக் கிடங்கில் ஜன்னல் கிடையாது என்பதைத் தவிர நீ அந்த வேலையைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதில்லை. அது போதும், எனக்குப் புரிந்தது. திரும்பிப் போவதை நினைத்தாலே உன் தோள் இறங்கிவிடும்.

உன் முதல் மாணவன் நான்தான். ஃபேரர் பார்க் பக்கம் முதல் நாளே ஒரு சாக்கடையின் ஆழத்தை உன் காரின் முன்சக்கரத்தைக் கொண்டு அளந்து காட்டினேன். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். நீ கோபப்படவில்லை. “பிரேக் இடது கால் பக்கம் இருக்கும்னு யாருடா உனக்குச் சொன்னா?” என்று மட்டும் கேட்டாய். இப்படி ஒரு மாணவனை வைத்துக்கொண்டு வாய்வழி விளம்பரம் நடக்காது என்று இருவருக்குமே தெரிந்தது.

அப்போதுதான் என் பெரிய மூளை வேலை செய்தது. சிராங்கூன் ரோட்டுச் சந்து அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை எனக்கு. ஞாயிறு பூசையில் கொடுக்கிற நம் மாதா கோவில் பங்குத் தாளை நாங்கள்தான் அடித்துக் கொடுத்தோம். அதன் பின்பக்கம் இரண்டே விளம்பரம். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் இடத்துக்கு நன்கொடை அதிகம். “மேல போடுடா, எல்லார் கண்ணும் முதல்ல அங்கதான் போகும்” என்று நிபுணன் மாதிரி சொன்னேன். நீயும் நம்பினாய். என்னை நம்புவதுதான் உனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

முதல் ஞாயிறு. “பயமின்றிக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று மேலே உன் விளம்பரம். அதற்கு நேர் கீழே சவப்பெட்டிக் கடை. ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே பின்பெஞ்சுகளில் கிசுகிசுப்பு ஆரம்பித்துவிட்டது. வெளியே வந்ததும் ஒருவர் உன் தோளில் தட்டி, “தம்பி, முதல்ல உங்ககிட்ட வரணும், அப்புறம் அவர்கிட்ட போகணும், அப்படித்தானே?” என்றார். கூட்டமே சிரித்தது. சவப்பெட்டிக் கடைக்காரர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்து, உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆனால் போன் வந்தது, மச்சான்! வீட்டில் போன் இல்லாத காலம். தோ பாயோவில் உன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த மளிகைக்கடை போன் நம்பரைத்தான் போட்டிருந்தோம். பூசை முடிந்து நானும் நீயும் தோசை சாப்பிட்டு, கோப்பி குடித்து, பஸ் பிடித்துப் போய் இறங்கினால், கடைக்காரச் சீனத் தவுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். காலையிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம். அவருக்கு வியாபாரம் பார்க்கவா, உனக்குச் செயலாளர் வேலை பார்க்கவா? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யார் கூப்பிட்டாலும், “ஆள் இல்ல லா!” என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் கத்திவிட்டு வைத்துவிட்டாராம். திரும்பக் கூப்பிட்டவர் யாருமில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“நிறைய பேர் கூப்பிட்டாங்களே, அதுவே நல்ல சகுனம்” என்றேன். “சகுனத்தை வச்சு பெட்ரோல் போட முடியாதுங்கண்ணே” என்றது தங்கச்சி.

பிறகு சவப்பெட்டிக் கடைக்காரர் நன்கொடையைக் கூட்டிக் கொடுத்து மேல் இடத்தை எடுத்துக்கொண்டார். நாம் கீழே தள்ளப்பட்டோம். நம் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன்கூட இல்லை. ஆனால் செவ்வாய் சாயங்காலம் ஒன்று வந்தது. நீ அப்போது பாடம் எடுக்க ஆளில்லாமல் கடை வாசல் ஸ்டூலில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தாய். நீயே எடுத்தாய். காத்தோங்கிலிருந்து யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தர். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், சமைத்து முடித்துச் சாவகாசமாகக் கடைசி வரி வரை வாசித்திருக்கிறார். “தம்பி, எனக்கு ரோட்டைக் கடக்கவே பயம். எனக்கு ஏலுமோ?” என்று கேட்டாராம். நீ சிரித்துக்கொண்டே, “பயப்படுறவங்கதான் டீச்சர் நல்லா ஓட்டுவாங்க. பயமில்லாத ஒருத்தன் என்கிட்ட படிக்கிறான், வந்து பாருங்க” என்றாயாம். அவர் வந்தார், சேர்ந்தார். புதன், வியாழன் சாயங்காலங்களில் இன்னும் இருவர். கூப்பிட்டவர் கிட்டத்தட்ட எல்லோருமே சேர்ந்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு தத்துவமே உண்டாக்கிவிட்டேன். “மேல இருந்தா பார்ப்பாங்க, கீழ இருந்தா படிப்பாங்க. பார்க்கிறவன் பொழுதுபோக்கு, படிக்கிறவன் வாடிக்கை.” அச்சகத்துக்கு விளம்பரம் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி, கீழ் இடத்துக்கு ஆள் பிடித்தேன். மேல் இடம் விற்காமல் முதலாளி என்னை முறைத்தார். நீயோ, கீழ் மூலையை மாதா கொடுத்த வரமாகவே எண்ணத் தொடங்கிவிட்டாய்.

ஆனாலும் வந்த ஆட்கள் போதவில்லை. டிசம்பர் பிறந்துவிட்டது. தங்கச்சி கணக்கு ஒன்றும் கேட்கவில்லை. காரை மட்டும் நன்றாகக் கழுவித் துடைத்து வைத்தது. விற்கிற காரைத்தான் அப்படித் துடைப்பார்கள் என்று நீ என்னிடம் சொன்னாய்.

அந்த வாரம் பார்த்து சவப்பெட்டிக் கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்தினார். கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் சவப்பெட்டி வேண்டாமே என்று அவருக்கே தோன்றியதாம். ஃபாதர் உன்னைக் கூப்பிட்டு, “மேல் இடத்தை உனக்கு இனாமாகவே தர்றேன்பா” என்றார். நீ பதறிப்போய், “வேண்டாம் ஃபாதர்! கீழயே போடுங்க! கீழ்தான் எனக்கு வேணும்!” என்று கெஞ்சினாய். ஃபாதர் கண் கலங்கிவிட்டார். இப்படி ஒரு தாழ்ச்சியை இந்தப் பங்கில் அவர் கண்டதே இல்லையாம். பிரசங்கத்தில்கூட உன் பெயரைச் சொல்லாமல் உன்னைச் சொன்னார். மேல் இடத்திலேயே போடச் சொல்லி எங்கள் அச்சகத்துக்கும் ஆள் அனுப்பிவிட்டார். நான் என்ன செய்ய?

“போச்சுடா, வெட்டிக் கூட்டம் பூரா கூப்பிடும். தவுக்கே என்னைத் துரத்திடுவார்” என்று நீ தோசைக்கும் நிற்காமல், பூசை முடிந்ததும் தோ பாயோவுக்கு ஓடினாய். தவுக்கேயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தொந்தரவைக் குறைக்க நீயே போன் பக்கத்தில் நின்றுகொண்டாய். நான் உன் தோசையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு ஆற அமர வந்தேன். வந்தால், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு சிகரெட் அட்டையில் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாய்! வைத்தால் அடிக்கிறது, எடுத்தால் பேசுகிறாய். கடைக்கு வந்த சனமெல்லாம் வேடிக்கை பார்க்கிறது.

கடைசியில் போனை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். “வெட்டிக் கூட்டம் இல்லடா. எல்லாரும் அந்த டீச்சர் மாதிரியேதான் பேசுறாங்க. அதே பயம், அதே கேள்வி. மேலயா கீழயாங்கிறது கதையே இல்ல, மச்சான். மேல போட்டா கோவில் வாசல் பொதுப் போன்ல இருந்தே கூப்பிடுறாங்க, கீழ போட்டா வீட்டுக்குப் போய் வாரத்துல கூப்பிடுறாங்க. இத்தனை நாளும் ஞாயித்துக்கிழமை இங்க யாரு போனை எடுத்தா?”

இருவரும் தவுக்கேயைப் பார்த்தோம். அவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டே, “ஆள் இருக்கு லா!” என்றார். நான் சிரித்த சிரிப்பில் முட்டைத் தட்டில் சாய்ந்துவிட்டேன். உடைந்த முட்டைக்குக் காசு நீதான் கொடுத்தாய்.

அந்த வாரம் வந்து சேர்ந்தவர்களுக்கு நேரம் ஒதுக்க நீ திணறினாய். என் பாட நேரத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தாய். அது உனக்கும் நல்லது, சாலைக்கும் நல்லது. கிறிஸ்மஸ் அன்று தங்கச்சி எல்லோர் முன்னாலும் கேக்கை வெட்டி, முதல் துண்டைத் தவுக்கேக்குக் கொடுத்தனுப்பியது. கார் வீட்டிலேயே நின்றது. நீ கார் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்த்தாய், கடைசி வரைக்கும்.

என் தத்துவம் செத்தது. ஆனால் உன் ஒரு பேச்சு எனக்கு ஒட்டிக்கொண்டது. “கூப்பிடுறவங்க பாதிப் பயத்தோடதான் கூப்பிடுவாங்க. நம்ம குரல்ல அவசரம் இருக்கக் கூடாது.” பின்னாளில் என் மகளுக்கு நீதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். அவள் முதல் தடவையிலேயே தேறினாள். நீ தொழிலை விட்ட அன்று காரிலிருந்து இந்தத் தகட்டைக் கழற்றி, “இது ஆயுசுக்கும் உனக்குத்தான் பொருந்தும்” என்று என் கையில் கொடுத்தாய்.

இன்று இதையெல்லாம் சொல்லி முடித்ததும், மகள் அந்தக் கேக் கடைக்கு வாடிக்கையாளர் மாதிரி போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. “அப்பா, யாருமே எடுக்கலைப்பா!” என்று துள்ளினாள். கடைக்காரருக்கு அடுத்து என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உன் சம்பளத்தை நான்தான் வாங்கிக்கொண்டேன்: ஒரு கப் டீ.

டீயை வாயில் வைக்கப் போகும்போது என் போன் அடித்தது. உன் பழக்கம், போட்டதைப் போட்டபடி எடுத்துவிட்டேன். பல் ஆஸ்பத்திரியா என்று ஓர் அம்மா கேட்டார். தப்பு நம்பர்தான். குரலில் அந்தப் பயம் இருந்தது. “இது வீடும்மா, பரவாயில்ல, சொல்லுங்க” என்றேன். கடைவாய்ப் பல் எடுக்கணுமாம், தனியாகப் போகணுமாம். எனக்கும் எடுத்தார்கள், வலிக்கவில்லை என்றேன். சரியான நம்பரை மகளிடம் தேடச் சொல்லிக் கொடுத்தேன். எந்த பஸ், எங்கே இறங்குவது என்பதையும் சொன்னேன். கடைசியில் அவர் சிரித்துவிட்டு, “தேங்க்யூ அங்கிள், போயிட்டு வந்துடுறேன்” என்றார்.

டீ ஆறிவிட்டது, மச்சான். தகட்டைத் துடைத்து, எழுத்து மேலே தெரிகிற மாதிரி அரிசி டின்னில் திரும்ப வைத்தேன். நான் பேசி ஒருவர் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். நானே கார் ஓட்டிக் கூட்டிக்கொண்டு போகத்தான் இன்னும் வரவில்லை.