பதினான்கு நெஞ்சும் ஒரு போன் நம்பரும்

24 செப்டம்பர் 2024, செவ்வாய்

உட்கார ஒரு நல்ல நாற்காலி வேண்டும் என்று நான்கு வருடமாக எழுதிக் கொடுக்கிறேன். இன்று வந்தது ஒரு எக்ஸ்ரே கருவி. கையில் தூக்கிக்கொண்டு போகலாம். கூடவே ஒரு செயலி. படத்தை அதுவே படித்து, காசநோய் இருக்கிறதா என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் போடும், முடிவைச் சில நாளில் அந்த ஆளின் போனுக்கே அனுப்பிவிடும். பதினேழு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுப்பவள் நான். இனி பட்டனை அமுக்கினால் போதுமாம்.

சொல்லிக்கொடுக்கக் கம்பெனியிலிருந்து கௌதமன் என்று ஒருவர் வந்தார். "போன் நம்பர் மட்டும் போடுங்க மேடம், மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்." என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளையைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள்.

27 செப்டம்பர், வெள்ளி

முதல் முகாம், திருச்செங்கோட்டுக்கு வெளியே பூபதியின் ரிக் பட்டறையில். அவருடைய போர்வெல் லாரிகள் மழைக்காலத்துக்காக வடக்கேயிருந்து வந்து நிற்கின்றன. ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடி சத்தீஸ்கர். அதற்குள் ஆட்கள் பதினான்கு பேருக்கும் படம் எடுக்க வேண்டும்.

நம்பர் கேட்டேன். பதினான்கு பேரும் பூபதியின் நம்பரையே சொன்னார்கள். "மாசத்துக்கொரு ஸ்டேட்டுல இருப்பமுங்க, சிம்மு மாறிட்டே இருக்கும். ரேசன் கார்டு, கேஸு, அல்லாத்துக்கும் மொதலாளி நெம்பர்தானுங்க" என்றார் ஒருவர். போட்டேன். 'பூபதி, வயது 51' என்று தானாகவே நிரம்பியது. 'சரி' என்று தட்டினால்தான் அடுத்த பக்கம் போகிறது. தட்டினேன், பதினான்கு முறை. மணி இரண்டாகியிருந்தது, நல்ல பசி. படங்கள் திரையில் வந்து போனதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் நன்றாக இருந்த மாதிரிதான் தெரிந்தது.

3 அக்டோபர், வியாழன்

மாவட்டத்திலேயே வேகமான முகாம் என்னுடையதாம். பாராட்டுச் சான்றிதழ் வருகிறது. நாற்காலி இன்னும் வரவில்லை.

7 அக்டோபர், திங்கள்

காலையில் பூபதி வந்தார். முகத்தில் இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் ஒரு துண்டு. போனை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

"பதிமூணு தடவ நல்லாருக்கறேன்னு வந்துச்சுங்க. ஒருக்கா மட்டும் நெஞ்சுல நெழலு, நூத்துக்குத் தொண்ணூத்தியொன்னுங்குது. எதைங்க நம்பறது? ஊட்டுல தனித் தட்டு வெச்சுப்போட்டாங்க."

நம் ஆஸ்பத்திரியின் பழைய மிஷினில் அவருக்குப் படம் எடுத்தேன். பளிச்சென்று இருந்தது. "முகாம்ல எத்தனாவது ஆளா நின்னீங்க?" என்று கேட்டேன். "நான் எங்கீங்க நின்னேன்? அன்னைக்கு ஈரோடு போயிட்டேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினான்கு பேருடைய நெஞ்சும் இவர் ஒருவர் பெயரில் இருக்கிறது. அதில் ஒன்று நோயாளி நெஞ்சு. யாருடையது?

கௌதமனைக் கூப்பிட்டேன். "ஒரு நம்பர்னா ஒரு ஆள் மேடம். டிசைனே அப்படித்தான்." நல்ல டிசைன். ஒரே மனிதனுக்குப் பதினான்கு ஜோடி நுரையீரல் இருப்பதைப் பார்த்து அதற்குச் சந்தேகமே வரவில்லை. சரி, 'சரி' என்று தட்டிய எனக்கு மட்டும் வந்ததா?

எல்லோருக்கும் மறுபடி எடுத்துவிடலாம் என்றால், ஆட்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். பூஜையன்று காலையில் வந்து, சாயங்காலம் லாரி ஏறிவிடுவார்கள். அன்று விடுமுறை, நம் பழைய மிஷின் அறை பூட்டியிருக்கும். கையில் தூக்கும் கருவியோ ஆத்தூர் முகாமுக்குப் போய்விட்டது, இருபதாம் தேதிதான் திரும்பும். "எவன்னு சொல்லுங்க, எறக்கி உட்டறேன். பதினாலு பேரையும் எறக்குனா வண்டியை நான் ஒருத்தனாவா ஓட்டறது?" என்கிறார் பூபதி.

லாரி போய்விட்டால் அந்த ஆள் பத்து மாதம் கழித்துத்தான் வருவார். வந்தால்.

8 அக்டோபர், செவ்வாய்

அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது மேல்பக்கம், புகை படிந்த சுவர் மாதிரி. படிப்பு முடித்து நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். பதினேழு வருட அனுபவசாலி சாப்பாட்டு நினைப்பில் விட்டுவிட்டாள். நான் இரண்டு வாரமாக நக்கலடித்துக்கொண்டிருந்த மிஷின் ஒரு நொடியில் பார்த்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. அதைவிட, பயமாக இருக்கிறது.

மறுபடி மறுபடி பார்த்ததில் இன்னொன்று தட்டுப்பட்டது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள இடது காறையெலும்பு எப்போதோ முறிந்து, கோணலாகச் சேர்ந்திருக்கிறது. செயலி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை யாரும் அதனிடம் கேட்கவில்லை.

11 அக்டோபர், வெள்ளி. ஆயுத பூஜை

விடுமுறை நாளில் பட்டறைக்குப் போனேன். லாரிகளுக்குச் சந்தனம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பொரியும் கடலையும் கொடுத்தார்கள். வாங்கி வைத்துவிட்டு, "எல்லாரும் சட்டையைக் கழட்டுங்க" என்றேன். பூஜைக்கு வந்த பொம்பளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

எலும்பு முறிந்தவர் யார் என்று கேட்டது என் முட்டாள்தனம். பதினோரு பேர் கை தூக்கினார்கள். பைப் விழுந்து விரல், ராடு நழுவி கால், லாரியிலிருந்து விழுந்து முட்டி. வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் தோளையும் தடவிப் பார்த்தேன். ஒன்பதாவது ஆளிடம் அந்தக் கோணல் கைக்கு அகப்பட்டது. சென்னியப்பன், முப்பத்தெட்டு வயது.

"இருமல் இருக்குங்களா?"

"அது கல்லுத்தூசிங்க அக்கா. ரிக்குல இருக்கறவனுக்கு இருமல் இல்லீன்னாத்தான் சந்தேகப்படோணும்."

போயே தீருவேன் என்று நின்றார். அவருடைய மனைவி பிரபா அவர் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் பூபதிதான் லாரியில் ஏறி, அவருடைய படுக்கையை எடுத்துக் கீழே போட்டார். "தனித் தட்டுல தின்னு பாத்தவன் சொல்றன், எறங்குடா" என்றார். தனித் தட்டால் ஒரு நன்மை.

17 அக்டோபர், வியாழன்

சளியில் கிருமி உறுதியாகிவிட்டது. ஆறு மாதம் மாத்திரை. அதோடு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பதினைந்து வருடக் கல்தூசி நெஞ்சில் படிந்திருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது. இனி ரிக் பக்கமே போகக் கூடாது, போனால் நான்கைந்து வருடம் தாங்குவதே பெரிது.

செயலியில் இதைக் குறிக்கலாம் என்று தேடினேன். கல்தூசிக்குக் கட்டமே இல்லை. "அடுத்த அப்டேட்ல சேர்க்கச் சொல்றேன் மேடம்" என்றார் கௌதமன்.

சென்னியப்பனுக்குச் சொந்தமாக ஒரு சிம் வாங்கிக் கொடுத்து, அந்த நம்பரில் பதிந்தேன். அன்று அவர் படத்தைப் பார்த்தும் நான் கவனிக்காமல் விட்டதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமலிருக்க முடியவில்லை.

2 ஜனவரி 2025, வியாழன்

அப்டேட் வந்தது. செயலி பச்சையிலிருந்து நீலமாகியிருக்கிறது. கட்டம் இல்லை.

24 ஏப்ரல், வியாழன்

மாத்திரை முடிந்தது, சளியும் சுத்தம். சென்னியப்பன் ஆறு கிலோ கூடியிருக்கிறார். இனிப்புப் பொட்டலத்தோடு வந்து போனைக் காட்டினார். 'வாழ்த்துகள்! நீங்கள் முழுமையாகக் குணமடைந்துவிட்டீர்கள்.' பக்கத்தில் பூங்கொத்துப் படம். திங்கட்கிழமை ரிக்குக்குக் கிளம்புகிறாராம்.

தூசியைப் பற்றிச் சொன்னேன். டாக்டரும் சொன்னார். பஸ் ஸ்டாண்டு அறிவிப்பைக் கேட்பது போல மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. அன்னைக்கு உங்களுக்குத் தெரியலீன்னு நீங்களே சொன்னீங்க. இதுதான் கண்டுபுடிச்சுது. இப்ப இதே செரியாயிருச்சுங்குது."

உண்மை பேசினால் நல்லது நடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறாரோ.

26 ஏப்ரல், சனி

பிரபா வந்தாள். பெஞ்சில் உட்காரக்கூட இல்லை.

"அவரு என்ர பேச்சும் கேக்க மாட்டாரு, டாக்டர் பேச்சும் கேக்க மாட்டாரு. போனுல வந்தாக் கேப்பாருங்க அக்கா. இன்னும் செரியாகலீன்னு அதுல ஒன்னு அனுப்பி உடுங்களேன்."

"அது அரசாங்கப் பதிவும்மா, பொய்யா ஒன்னும் போட முடியாது" என்றேன். எவ்வளவு நேர்மையானவள் நான். 'முழுமையாகக் குணமடைந்துவிட்டீர்கள்' என்று பூங்கொத்தோடு போன பொய்யை மட்டும் யார் பதிந்தது? அவள் கிளம்பிவிட்டாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

செயலியில் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'படம் தெளிவில்லை, மீண்டும் எடுக்கவும்.' அதைத் தட்டினால், அடுத்த படம் எடுக்கும்வரை வெளியூர் செல்ல வேண்டாம் என்று நோயாளிக்குச் செய்தி போகும். சென்னியப்பனின் கடைசிப் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

தட்டிவிட்டேன். தேதி கேட்டது, அடுத்த ஐந்தாம் தேதி என்று போட்டேன்.

5 ஜூன், வியாழன்

ஒரே நோயாளிக்கு இரண்டு மாதமாகப் படம் தெளிவில்லையே, கருவியில் கோளாறா என்று கௌதமன் கேட்டார். "அந்த ஆள் மூச்சைப் பிடிக்கவே மாட்டேங்கிறார் சார்" என்றேன். பொய் சொல்லவும் அனுபவம் வேண்டும். எனக்கு வந்துகொண்டிருக்கிறது.

பூபதி சென்னியப்பனைப் பட்டறையில் ஸ்பேர் பார்ட்ஸ் ரூமில் உட்கார வைத்திருக்கிறார்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

பத்து மணிக்கெல்லாம் சென்னியப்பன் வந்துவிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். விடச் சொன்னேன், விட்டார். வீணாக எதற்குக் கதிர் என்று மே மாதத்திலிருந்து நான் பட்டனை அமுக்குவதில்லை.

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "படம் எடுத்தா டிக்குன்னு ஒரு சத்தம் கேக்குமுங்களே அக்கா. நாலு மாசமாக் கேக்கறதில்லீங்க."

நான் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் புரட்ட ஒன்றும் இல்லை.

"அடுத்த மாசமும் தெளிவா இருக்காதுங்களா?"

"இருக்காதுங்க" என்றேன்.

கடைசிப் பித்தானையும் போட்டுக்கொண்டார். "அப்ப அஞ்சாந் தேதி வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.