காட்டுமாட்டு ஜோடி

கார்த்திகை 3, ஞாயிறு

காலையில் தூறல், மதியம் மூடுபனி. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாகிவிட்டது. பி.பி. மாத்திரை மறந்தேன். மகளிடம் போட்டுவிட்டதாகச் சொன்னேன். அவள் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். என்ன நம்பிக்கை!

ஏற்காடு டவுன் கல்யாண மண்டபத்தில் குஸ்தி. மணமேடைக்கு முன்னால் மெத்தை விரித்து நாலு பக்கமும் கயிறு. டிவியில் வருகிற பெரிய கம்பெனி இல்லை. சேலத்து மேனேஜர் ஒருத்தர். டிக்கெட் கிழிப்பதும் அவர், மைக் பிடிப்பதும் அவர்.

ஆடுகிறவர்கள் நம் ஆட்கள். மகள் வயிற்றுப் பேரன் குமார். அவனோடு நாகலூர் மணி, குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிற பையன். இரண்டு பேர் சேர்ந்து இரண்டு பேரோடு மோதுவது. ஒருவன் உள்ளே அடி வாங்கும்போது மற்றவன் கயிற்றுக்கு வெளியே கை நீட்டி நிற்பான். கை தொட்டால் ஆள் மாறலாம். ஜோடிக்குப் பெயர் 'காட்டுமாட்டு ஜோடி'. பேர் வைத்தது நான்தான், குமார் சாப்பிடுவதைப் பார்த்து.

இந்த மணிக்குத்தான் குமார் கூடப் பிறந்த பேத்தி பவித்ராவைக் கார்த்திகை 20ஆம் தேதி நிச்சயம் செய்வதாக இருக்கிறது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே ஜோடி. அதனால் எங்கள் கொட்டச்சேடு, அவன் நாகலூர் இரண்டு ஊரும் மண்டபத்தில். காபிப் பழம் பறிக்கிற பெண்கள் மழைக்கோட்டோடு முன்வரிசை.

எதிர் ஜோடி சேலத்துப் பையன்கள், முகமூடி போட்டு. "ஏஞ்சாமி, அதை அம்மா தெச்சுக் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். அவனுக்கே சிரிப்பு வந்து பிடி நழுவியது.

கடைசியில்தான் விஷயம். குமார் ஜெயிக்கப் போகிற நேரம். கை தொட்டு உள்ளே வந்த மணி ஒரு மடக்கு நாற்காலியை எடுத்தான். எதிராளியை அடிக்கப் போகிறான் என்று எல்லோரும் விசில். திரும்பிக் குமாரின் முதுகில் போட்டான். விழுந்தவனுக்கு மேனேஜர் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். குமார் தோற்றான்.

 அப்புறம் செருப்பு பறந்தது. பக்கத்தில் டீக்கடை ராஜம்மா நிஜமாகவே அழுதாள். "கூடப் பொறந்தவனாட்ட இருந்தானுங்களே, இந்தப் பாவிக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?" என்றாள்.

நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்தேன். போன வாரம் காபி காயப் போடுகிற களத்தில் ரெண்டு பேரும் இதைத்தான் பழகினார்கள். என் நாற்காலியை வைத்து. "இன்னும் கொஞ்சம் கீழ அடி மாப்ள, தோள்ல படுது" என்று குமார் சொல்லிக்கொடுத்தான். நான் கல்லில் உட்கார்ந்து மார்க் போட்டேன். மணிக்கு நூற்றுக்கு நாற்பது.

கார்த்திகை 4, திங்கள்

மழை. குமார் கழுத்துக்குப் பட்டை போட்டு வந்திருக்கிறான். மேனேஜர் கொடுத்தாராம். அடுத்த ஆட்டம் 17ஆம் தேதி, அதுவரைக்கும் ஊருக்குள் கழற்றக் கூடாது. வெளியே யார் உண்மையைச் சொன்னாலும் ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்துவிடும் என்று உத்தரவு.

பட்டையோடு குளிக்கப் போனவனை, "ஏண்டா, சோப்புக்கும் நடிப்பு தெரியுமா?" என்று கேட்டேன். வாயில் விரல் வைத்தான்.

மகள் அவனுக்குக் கோழி அடித்தாள். எனக்குக் கழுத்துத் துண்டு. பொருத்தம்தான்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. பவித்ரா டவுனில் மருந்துக்கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்கள் மாத்திரை வாங்குவதற்கு முன் அவளிடம் செல்போனைக் காட்டுகிறார்களாம். கீழே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். துரோகி. முதுகில் குத்துகிற சாதி. இவனுக்குப் பெண் கொடுக்கிறவன் யார்? கடைசியைப் படித்துவிட்டுப் போனை மூடினாள்.

அவளுக்குத் தெரியும். மணி அன்று ராத்திரியே போனில் சொல்லிவிட்டான்.

கார்த்திகை 6, புதன்

கொஞ்சம் வெயில். ராஜம்மா கடைக்குப் போனேன். மணியும் வந்தான். வண்டி காலியாக நின்றது. மிளகு மூட்டை ஏற்றுகிற நாள், ஒருத்தரும் கூப்பிடவில்லை. கதவில் ஆணியால் கீறி 'துரோகி' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு எழுத்து தப்பு வேறு.

ராஜம்மா அவனுக்கு டீயை ஆற்றாமல் வைத்தாள்.  பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் எழுந்து போனார்கள்.

"என்னடா மணி, பெஞ்சு முச்சூடும் உனக்கே கெடச்சுருச்சு, காலை நீட்டிப் படு" என்றேன்.

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அம்மாவைக் கொழாயடியில தண்ணி புடிக்க உட மாட்டேங்கறாங்க அப்புச்சி. எங்கூருலயே" என்றான்.

அதற்கு மேல் எனக்குக் கேலி வரவில்லை. டீ நன்றாக இல்லை.

கார்த்திகை 9, சனி

பொழுதுக்கும் மூடுபனி. மருமகன் ரங்கசாமி, அதாவது பவித்ராவின் அப்பா, நிச்சயம் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டார். கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவனை முதுகில் அடித்தவன் நாளைக்குப் பெண்டாட்டியை எப்படி வைத்திருப்பான் என்கிறார். பங்காளிகள் நாலு பேரும் அதேதான்.

சரி, நாமே உடைத்துவிடுவோம் என்று நடந்ததைச் சொன்னேன். களம், நாற்காலி, கழுத்துப் பட்டை, எல்லாம்.

ரங்கசாமி என்னையே பார்த்தார். "போன மாசம் காட்டுமாடு கெணத்துல உழுந்துருச்சுன்னு எல்லாத்தையும் ஓட உட்டீங்க. அதுக்கு முந்தி, கலெக்டர் வர்றாருன்னு என்னைய வேட்டி மாத்த வெச்சீங்க. பேத்தி கல்யாணத்துலயுமா மாமா வெளையாட்டு?"

பங்காளிகள் சிரித்தார்கள். "பெருசு சொன்னா அப்படியே திருப்பிப் போட்டுக்கோணும்" என்றான் ஒருத்தன். பவித்ராவும் ஆமாம் என்றாள்; அவனுக்காகப் பேசுகிறாள் என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

குமார் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தட்டில் இருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தான்.

கார்த்திகை 10, ஞாயிறு

மணியே வந்தான். கோயிலுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை, ரங்கசாமிக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம். வாசலிலேயே நின்றான். உட்காரச் சொல்ல ஆளில்லை.

"அது நடிப்புங்க மாமா. குமாருக்கு ஒரு அடியும் படலைங்க. நீங்களே கேட்டுப் பாருங்க" என்றான்.

எல்லோரும் குமாரைப் பார்த்தார்கள். குமார் கழுத்துப் பட்டையைத் தொட்டான். பிறகு கீழே பார்த்தான்.

எனக்கு ஆத்திரம். சட்டைப் பைக்குள் ஒரு பிள்ளைப்பூச்சி பிடித்து வைத்திருந்தேன். பின்னால் போய் அவன் சட்டைக்குள் விட்டேன். துள்ளி எழுந்தான். கழுத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே, எல்லாத் திசையும் திரும்பியது. பாருங்கடா இப்போது, என்று நின்றேன்.

மகள் ஓடி வந்து அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அடிபட்ட புள்ளைகிட்டப் போயி இப்படிப் பண்றீங்களே, உங்களுக்கு மனசே கெடையாதுங்களாப்பா?"

வலியிலும் பையன் எப்படித் துடித்தான் பாருங்கள் என்றார் ஒரு பங்காளி. மணியைப் பார்த்து, அடித்ததும் இல்லாமல் அவன் வலியையே பொய் என்கிறாயா என்று கேட்டார்.

மணி வாழைப்பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். மாடு தின்றது.

கார்த்திகை 13, புதன்

குளிர். முழங்கால் வலி. இன்று சமையற்கட்டில் பவித்ரா குமாரைப் பிடித்துவிட்டாள். நான் சட்னி அரைக்கிற சாக்கில் அங்கே.

எதற்காகச் சொல்லவில்லை என்று கேட்டாள். பெங்களூரில் பெரிய குஸ்திக் கம்பெனிக்காரர் ஒருத்தர் அந்த வீடியோவைப் பார்த்தாராம். அடிபட்டவன் திரும்பி எழுந்து ஜெயிக்கிற ஆட்டம் நன்றாக வந்தால் குமாரைக் கூப்பிட்டுக்கொள்வாராம். இப்போது நடிப்பு என்று தெரிந்தால் மண்டபம் காலி.

"நேத்து பஸ்ஸுல எனக்கு எடம் உட்டாங்க பவி. ட்ரைவர் எறங்கி வந்து கைகுடுத்தாரு. மரம் வெட்டப் போனப்ப என்னைய ஒருத்தன் பேர் சொல்லிக் கூப்புட்டதில்ல."

"அவரு அம்மாவை ஊருல என்ன பண்றாங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும் என்றான். நாலே நாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மணியைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, மைக்கை வாங்கி எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம். மூன்று நாள் கழித்து அதே தேதியில் நிச்சயம். அதை விட்டால் மார்கழி வந்துவிடும், ஒன்றும் நடக்காது.

பவித்ரா மணிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.  அந்தப் பக்கம் அவன் சிரித்தது எனக்கே கேட்டது. சட்னியில் உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன்.

கார்த்திகை 17, ஞாயிறு

 நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மண்டபம் நிறைந்து ஜன்னலிலும் ஆட்கள். வெள்ளக்கடை ஊர்ப் பையன்கள் பைக்கில் கொடி கட்டி வந்தார்கள். மணியும் ஒரு முகமூடிக்காரனும் ஒரு பக்கம். குமாரும் ஒரு புதுப் பையனும் மறுபக்கம். மணி உள்ளே வந்ததும் தண்ணீர் பாட்டில், செருப்பு, அழுகின ஆரஞ்சு. அவன் அம்மாவைச் சொல்லித் திட்டினார்கள். முன்வரிசையில் நானும் பவித்ராவும்.

குமார் கழுத்துப் பட்டையைக் கழற்றி வீசினான். ராஜம்மா அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பேசி வைத்தபடியே நடந்தது. மணி நன்றாக அடி வாங்கினான். விழுந்தான். மேனேஜர் மூன்று எண்ணினார். குமார் ஜெயித்தான். மணி மல்லாந்து கிடந்தபடி வலது கையை நீட்டினான், தூக்கிவிடு என்று. பவித்ரா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

குமார் குனிந்தான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், மிதி. அப்புறம் பத்துப் பேர். அப்புறம் மண்டபம் முழுக்க, தரை அதிரக் காலால் தட்டி, மிதி, மிதி, மிதி. பெண்களும்தான். என் மகளும்தான்.

குமார் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பூட்ஸ் காலைத் தூக்கி அந்தக் கை மேல் வைத்து முழு எடையோடு ஏறி நின்றான்.

காய்ந்த காபிக் குச்சி ஒடிகிற மாதிரிச் சத்தம். முன்வரிசைக்குத்தான் கேட்டிருக்கும்.

மணி கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது. நான் நாற்காலி மேல் ஏறி, "உட்றா, நெசமா ஒடஞ்சிருச்சுடா" என்று கத்தினேன். "பெருசு ஆரம்பிச்சிருச்சு" என்று பின்னால் சிரிப்பு. விசில்.

மைக் குமார் கைக்கு வந்தது. கூட்டம் அவன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.  அவன் மைக்கை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கார்த்திகை 18, திங்கள்

மழையா வெயிலா, பார்க்கவில்லை. சேலம் ஆஸ்பத்திரியில் மணிக்கு மூன்று விரலுக்குக் கம்பி வைத்துக் கட்டு. வண்டி ஓட்ட ஆறு மாதம் ஆகுமாம்.

பவித்ரா வேலைக்குப் போகவில்லை. குமார் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர். அவன் எடுக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் குமார் அப்பாவின் முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். நாற்காலியிலிருந்து பூட்ஸ் வரைக்கும்.

ரங்கசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு அப்படியே இருந்தார். கை காய்ந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னீங்களே மாமா" என்றார். அவ்வளவுதான்.

நாளைக்கு நாகலூர் போய் மணியைக் கூப்பிடுவதாக முடிவு. நிச்சயம் சொன்ன நாளிலேயே நடக்கட்டும் என்கிறார்.

கார்த்திகை 19, செவ்வாய்

பஸ்ஸில் நாகலூர். ரங்கசாமி, குமார், நான். தட்டில் பழம், வெற்றிலை. கண்டக்டர் குமாரிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை.

மணி வீட்டில் அவன் அம்மா பாய் போட்டாள். கைக்கட்டைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். ரங்கசாமி பெரிய ரோஷக்காரர். அவர் கை கூப்பி, தப்பு எங்கள் மேல்தான், நாளைக்கு வந்து பூ வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மணி தட்டைப் பார்த்தான். குமாரைப் பார்க்கவே இல்லை.

"நாற்காலி நடிப்புங்க மாமா. அதுக்கு ஊரே என்னையத் துப்புச்சு, பொறுத்துக்கிட்டனுங்க. ஞாயித்துக்கெழம நடிப்பில்லீங்க. அதுக்கும் ஊரே கை தட்டுச்சு."

ரங்கசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பவித்ரா மேல ஒரு கொறையுமில்லீங்க. அது வேண்டாத சாமியில்ல எனக்காவ. ஆனா மொறைக்கு மச்சாந்தானுங்களே என் வெரல்ல மோதிரம் போடோணும்? அவன் கிட்ட நான் மறுக்காக் கைய நீட்ட மாட்டனுங்க."

அவன் அம்மா தட்டை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் குமாரை அடையாளம் கண்டு ஓடி வந்தார்கள். மணியின் ஊர்ப் பையன்கள்தான். ஒருத்தன் போனைப் பிடித்தான். இன்னொருத்தன் ஈர ரோட்டில் மல்லாந்து படுத்துக் கையை நீட்டினான்.

"அண்ணா, என்ற கைய மிதிங்கண்ணா, ஒரே ஒரு போட்டோ."

மற்றவர்களும் வரிசையாகப் படுத்தார்கள். ஏழெட்டு சின்னக் கைகள், விரல் விரித்து. குமார் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.