பரிசலுக்கு அடியில் வந்த நிழல்

வெள்ளி, இரவு.

சித்தூர் சீமை ஏரிகளின் ஏகச் சக்கரவர்த்தியாகிய நான், வாழ்க்கையில் முதல்முறையாக இன்று ஒரு மீனைச் சிறிதாக்கிச் சொன்னேன்.

திருப்பதியில் மீன் ஆராய்ச்சி செய்யும் அக்கா மகள் கவிதா, எங்கள் ஏரி மீன்களைக் கருவி வைத்துப் பார்க்க வந்திருக்கிறாள். பரிசல் ஓட்டியது நான். நடு ஏரியில், கருவியின் திரையில் ஒரு நிழல் தெரிந்தது. பரிசலைவிட நீளம். துடுப்பை நிறுத்தினால் அதுவும் நின்றது. கரைக்குத் திரும்பினேன், கூடவே திரும்பியது.

"இந்த ஏரியில இவ்ளோ பெரிசு எதுவும் இருக்க முடியாது மாமா" என்றாள், மெதுவாக.

நாளைக் காலை, ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் முனுசாமியும் அவன் ஆட்களும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வலை இழுக்கப்போகிறார்கள். வழக்கம்போல் கதை அளந்தால் முனுசாமி சிரித்துவிட்டு இறங்கிவிடுவான். அதனால் அவனிடம் அடக்கமாகச் சொன்னேன்.

"வாளை ஒண்ணு கீதுடா. ரெண்டு முழம் வரும். நாளைக்கு எறங்காத."

அவன் சிரிக்கவில்லை. "நீ புடிக்கிற கெளுத்தியே லாரி நீளம் இருக்கும். இன்னிக்கு ரெண்டு முழம்னு சொல்லிக்கினு கீற. இன்னா மாமா பாத்த?"

பதிலுக்குக் காத்திராமல் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

பரிசலைவிட நீளம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதுவும் குறைத்து எழுதியதுதான்.