நூற்றெட்டு நாள் ஒருபொழுது

நவம்பர் 10, 1986, திங்கள்

புதுச் சோப்பை நூல் போட்டு மூன்றாக அறுத்தேன். முழுதாக வைத்தால் பாதி தண்ணீரில் ஊறியே போகிறது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, சோப்புக்கும் ரேஷனா என்றார். சிரிப்பு வருகிறது மனிதருக்கு. கடலை வியாபாரம் செய்கிறேன் என்று கிளம்பி, ஈர மல்லாட்டைக் காயை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டு, அத்தனையும் பூசணம் பிடித்து, ஆறாயிரம் ரூபாய்க் கடனோடு வீட்டுக்கு வந்தவர். இப்போது அதே மல்லாட்டை மண்டியில் எடை எழுதுகிறார்.

பாதிக் கடன் அடைந்துவிட்டது. மாதம் அறுநூறு வீதம் இன்னும் ஐந்து மாதம். பங்குனிக்குள் முடிக்காவிட்டால் கடன் கொடுத்த எண்ணெய்ச் செக்குக்காரர் வெங்கடாசலம் வீட்டை எழுதி வாங்கிக்கொள்வார். மாமனார் பெயரில் இருக்கிற வீட்டுப் பத்திரம் அடகாக அந்த வெங்கடாசலத்தின் பீரோவில் கிடக்கிறது. இது அத்தைக்குத் தெரியாது. அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார் இவர். கடன் வாங்கியது அவர். வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பது நான்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்னும் எதைக் குறைப்பது? பூ நின்றது. வாரப் பத்திரிகை நின்றது. திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடைதான். புடவைக்குப் பெட்டி போடுவதில்லை, தலையணைக்கு அடியில் மடித்து வைத்துப் படுத்துவிடுகிறேன். வெங்காயம் விலை ஏறிவிட்டதென்று ஆபீஸே புலம்புகிறது. வெங்காயமும் கிழங்கும் தொடாத சமணக் குடும்பத்தில் பிறந்ததற்கு இந்த ஒரு லாபம்.

ஆனால் அதே வழக்கம் இன்னொரு பக்கம் செலவு வைக்கிறது. பொழுது சாய்ந்தால் எங்கள் வாயில் ஒரு பருக்கை போகக்கூடாது. விழுப்புரத்தில் ஆபீஸ் விட்டு, பாசஞ்சரைப் பிடித்து வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். அதனால்தான் தினம் ஐந்து மணிக்கு கேன்டீனில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. மாதம் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தைந்து ரூபாய்.

நாற்பத்தைந்து ரூபாய்!

நவம்பர் 12, புதன்

செய்துவிட்டேன். காலையில் அத்தை இட்லித் தட்டை நீட்டியபோது, "இன்னியிலேர்ந்து ஒருபொழுது அத்த. மத்தியானம் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டேன். நோன்பு என்றால் ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டார். மாசி வரை ஓட்டினால் போதும் என்று மனசுக்குள் கூட்டி, நூற்றெட்டு என்றேன். அப்படியே பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது எத்தனை முறை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நவம்பர் 25, செவ்வாய்

ஐந்து மணி ஆனால் கண் தானாக கேன்டீன் பக்கம் போகிறது. டைப் அடித்த கடிதத்தில் ஏழு தப்பு. பக்கத்து நாற்காலி காந்திமதி வடையை நீட்டினாள். நோன்பு என்றேன். "இன்னா நோன்புக்கா இது, கண்ணு உள்ள போய்க்கினு இருக்குது" என்றாள். சாமி விஷயத்தில் குறுக்கே வரக்கூடாது என்று அவளே பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகும் வடை வாசனை போகவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

டிசம்பர் தவணை கொடுத்தாயிற்று. வெங்கடாசலம் நோட்டை எண்ணிக்கொண்டே, "உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க" என்றாராம். இவர் அதை எனக்குப் பரிசு மாதிரி கொண்டுவந்து கொடுக்கிறார்.

டிசம்பர் 21, ஞாயிறு

அத்தையின் தம்பி பத்மகுமார் மாமா விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். அரிசி வியாபாரம், வாய் ஓயாது. அத்தை அவரிடம் என் நோன்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர் எழுந்து நின்று எனக்குக் கைகூப்பினார். வயதில் பெரியவர். உத்தியோகத்துக்குப் போகிற பெண்கள் நியமத்தை விட்டுவிடுகிற காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அந்த நேரத்தில் நினைத்தது என்ன தெரியுமா? மாமா கொண்டுவந்த பூந்தி இருக்கிறதே, நாளை மத்தியானத்துக்கு மிச்சம் இருக்குமா என்று.

ஜனவரி 7, 1987, புதன்

தவணை கொடுத்தாயிற்று. இன்னும் இரண்டு. தூக்கம் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

கதை கந்தலாகிவிட்டது.

அத்தை மேல்சித்தாமூருக்குப் போய்க் கோயிலில் நாள் குறித்துவிட்டு வந்துவிட்டார். மாசியில் நோன்பு முடிகிற அன்று பகவானுக்கு அபிஷேகம், அறுபது பேருக்குச் சாப்பாடு, வருகிற சுமங்கலிகளுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தில் என் பெயரை வெட்டச் சொல்லிப் பாத்திரக்கடையில் ஐம்பது ரூபாய் முன்பணமும் கொடுத்திருக்கிறார். தன் சுருக்குப் பையிலிருந்து!

பெரிய நோன்பை முடித்தால் ஊருக்குச் சாப்பாடு போட்டுத்தான் நிறைவு செய்ய வேண்டும். தெரியாதா எனக்கு? என் அம்மா செய்ததைப் பார்த்து வளர்ந்தவள்தானே. அன்றைக்கு வயிற்றையும் தவணையையும் மட்டும்தான் நினைத்தேன். நாற்பத்தைந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரம் ரூபாய்ச் செலவை இழுத்து வாசலில் விட்டிருக்கிறேன். எங்கள் சனத்தில் பிறந்தவளைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு முட்டாள்தனம் வாய்க்கும்?

ஜனவரி 27, செவ்வாய்

அவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, வெங்கடாசலத்திடமே இன்னும் ஆயிரம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "கேளுங்க. வீட்டோட என்னையும் சேர்த்து எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சத்தம் கேட்டு அத்தை வந்து என்னடி என்றார். ஒன்றுமில்லை அத்தை, கிண்ணம் சின்னதா பெரியதா என்று பேசிக்கொண்டிருந்தோம் என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய் எனக்கு.

பிப்ரவரி 3, செவ்வாய்

வழி என்ன? அத்தையிடம் உண்மையைச் சொல்வதா? சத்தியம். அதோடு, பத்திரம் அடகில் என்று கேட்ட மாத்திரத்தில் அந்த மனுஷி என்ன ஆவார்? மாமனார் யாரிடமும் ஒரு பைசா வாங்காமல் செத்தார் என்பதுதான் அவருக்குச் சொத்து. தவணையை நிறுத்துவதா? பங்குனி காத்திருக்குமா? அபிஷேகம் மட்டும் போதும் என்று சொன்னால், நூற்றெட்டு நாள் இருந்தவள் அறுபது பேருக்குச் சோறு போட மாட்டாளா என்று அத்தையே கேட்பார்.

நோன்பு முடிந்தால்தான் விருந்து. முடியாவிட்டால்?

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். திரும்ப எடுத்தேன். முடியாவிட்டால் விருந்து இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

சாப்பிட்டேன்.

எண்பத்தாறாவது நாள். விழுப்புரம் ஸ்டேஷன். பாசஞ்சர் ஒரு மணி நேரம் லேட். விளக்கெல்லாம் போட்டாயிற்று, வானத்தில் வெளிச்சம் துளிகூட இல்லை. பத்மகுமார் மாமா வியாழன்தோறும் இந்த வண்டியில்தான் அத்தையைப் பார்க்க வருவார். அவர் பிளாட்பாரத்துக்குள் வருகிற வரை காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன். இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். அவர் பார்க்கிற இடத்தில் நின்று நான்கு இட்லி வாங்கினேன்.

முதல் இட்லி நாடகம். மற்ற மூன்றும் நாடகம் இல்லை. சாம்பாரில் வெங்காயம் கிடந்தது, ஒதுக்கக்கூட இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானமா, ருசியா, எனக்கே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் ஸ்டேஷனில் சைக்கிள் ரிக்ஷா பிடித்து அவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். அத்தை கதவைத் திறந்தார். நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் அத்தை கேட்டது ஒரே கேள்வி. "பசியா, புத்தியா?"

பசி என்றேன். உண்மைதானே. அவர் தலையை ஆட்டினார். மத்தியானம் பாத்திரக்கடைக்குப் போய் முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார். நான்கு கிண்ணத்தில் பெயர் வெட்டியாகிவிட்டதாம். அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தானாம். ஞானமதி, ஞானமதி, ஞானமதி, ஞானமதி. அடுக்களையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தவணை கொடுத்தாயிற்று. இன்னும் ஒன்றே ஒன்று. விருந்து நின்றது. காலையில் வயிறு நிறைய இட்லி. எல்லாம் நான் நினைத்தபடி. பிறகு ஏன் வீட்டுக்குள் கால் பரபரக்கிறது? கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டுகிறேன். கோயிலில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். பேசட்டும். வீடு எங்களுடையது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் நான் பகலில் வீட்டில் இருப்பது. அதனால்தான் இவ்வளவு நாள் தெரியவில்லை; போன ஞாயிறு என் பரபரப்பில் கவனிக்கவில்லை.

காலையில் அத்தை சாப்பிடவில்லை. சாயங்காலமும் சாப்பிடவில்லை. உடம்புக்கா என்றேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "நீ உட்டதை யாராச்சும் முடிக்கணுமில்ல. இருபத்திமூணு நாளு. இன்னியோட ஒம்பது."

அறுபத்தேழு வயது. ஒருபொழுது.

விருந்து ஒன்றும் வேண்டாம், இது தோஷம் கழிக்க இருப்பது, சத்தமில்லாமல் முடித்தால் போதும் என்றார். வேண்டாம் அத்தை என்று கையைப் பிடித்தேன். கையை விடுவித்துக்கொண்டார். உனக்குப் பசி தாங்கவில்லை, அதில் என்ன தப்பு, எனக்குத் தாங்கும் என்றார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அவரிடம் சொன்னேன், சத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நான் அத்தையிடம் சொல்லப்போகிறேன் என்று. பத்திரம் கைக்கு வரட்டும் ஞானா, இன்னும் கொஞ்ச நாள்தானே என்று கெஞ்சினார். கொஞ்ச நாள்! அது அவருக்குக் காலண்டர். அத்தைக்கு ஒவ்வொன்றும் ஒரு பட்டினி. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லையே. ஏன்டி திறக்கல? பயமா இருக்குது. அவ்ளோதான்.

பிப்ரவரி 23, திங்கள்

அத்தை கிணற்றடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். காலையில் நான் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்சவள்ளி சொன்னாள். ஆபீஸில் ஐந்து மணிக்கு இட்லி வாங்கினேன். பிட்டேன். காந்திமதியிடம் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

இருபத்துமூன்று நாளும் முடிந்தன. அத்தை குளித்துவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தார். எனக்கும் குங்குமம் கொண்டுவந்தார். உன் பெயரைச் சொல்லித்தான் முடித்தேன் என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

பத்திரம் வந்துவிட்டது.

அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார், பெட்டியில் பழைய இடத்தில் வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று குசுகுசுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கவில்லை.

அத்தை வந்ததும் அவர் மடியில் வைத்தேன். எல்லாம் சொன்னேன். ஈரக் காய், ஆறாயிரம், வெங்கடாசலம், கேன்டீன் இட்லி, நாற்பத்தைந்து ரூபாய், பத்மகுமார் மாமாவுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றது. எதையும் விடவில்லை. இவர் சுவரோடு சுவராக நின்றார்.

அத்தை பத்திரத்தை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். மகனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ நான் எதுக்குடி பட்டினி கெடந்தேன்?"



மார்ச் 10, செவ்வாய்

அத்தை பேசவில்லை. அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. பத்திரம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது அத்தை அடுக்களையிலிருந்து வந்து என் பைக்குள் இரண்டு டப்பாக்களை வைத்தார். எப்போதும் ஒன்றுதான்.

"ஒண்ணு மத்தியானத்துக்கு. இன்னொண்ணு அஞ்சு மணிக்கு. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடு" என்றார். நான்கு நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

ஐந்து மணிக்குத் திறந்தேன். எலுமிச்சம்பழச் சாதம், மல்லாட்டைத் துவையல். செலவு என்று பார்த்தால் நாலணாகூட இருக்காது. பாசஞ்சரில் உட்கார்ந்து பேரணி ஸ்டேஷன் தாண்டுகிற வரை யோசித்துக்கொண்டே வந்தேன். நவம்பர் மாதம் இந்த மனுஷியிடம் வாயைத் திறந்து, கஷ்டமாக இருக்கிறது அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாள் காலையே இரண்டு டப்பா கட்டியிருப்பார்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் கழுவிக் கவிழ்த்தேன். அத்தை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே மிச்சம் எதுவும் வைத்திருக்கிறேனா என்று பார்த்தார்.