கம்பிரசர் ஓடாத ஞாயிறு

ஜூன் 3, செவ்வாய்
மலேசியாவின் கூலாய் நகரம். எங்கள் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளர் அல்ஃபியா, பயிற்சி அறைக்கு வந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். மூன்று பாடல்கள் வாசித்தோம். முடிந்ததும் அவர் எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தார்.

“கிட்டார யாரு டியூன் பண்றது?”

நான். காதால்தான்.

சுவருக்கு அப்பால் பிளாஸ்டிக் தொழிற்சாலை. அங்கே காற்றை அழுத்தும் கம்பிரசர் இயந்திரத்தின் ரீங்காரம்தான் எங்கள் சுருதி. மூன்று வருடமாக அதற்கேற்பத்தான் கம்பிகளை முறுக்கியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்; அவர் சொல்லித்தான் தெரிந்தது.

“நம்ம நாலாவது மெம்பர்டா. ஒருநாள்கூட லேட்டா வந்ததில்ல” என்றான் டிரம்ஸ் வாசிக்கும் மகேஸ்வரன். எனக்குக் கூச்சம். அதையும் தாண்டி ஏதோ. ஒருவரால் இப்படிக் கேட்க முடியுமா?

ஜூன் 5
சுருதியைத் திருத்த வேண்டாமாம், அல்ஃபியா சொல்கிறார். தொழிற்சாலை மூடியிருக்கும் ஞாயிறு, இதே அறையில் பதிவு.

ஜூன் 8, ஞாயிறு
கம்பிரசர் இல்லை. அறை அகன்றுவிட்டது. வழக்கம்போல கிட்டாரின் நான்கு எதிரொலிப் பெடல்களையும் போட்டு வாசித்தேன். என் காதுக்கே இரைச்சல்.

“இவ்ளோ நாளா மெஷினோட சண்ட போட்டிருக்க, ரூபன். இன்னிக்கு அது லீவு லா.”

அல்ஃபியா பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வாசித்ததிலும் வெட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் நான்கு ஸ்வரங்கள். அவ்வளவுதானா நான்? கத்திவிட்டேன் — இந்த பேண்ட் ஆரம்பிச்சதே நான்தானே, என்னயவே எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?

அவர் எங்கள் பாடகி ஷர்மினியைப் பாடச் சொன்னார். அவளும் இத்தனை நாள் அந்த இயந்திரத்துக்கும் எனக்கும் மேலே கத்தித்தான் பாடியிருக்கிறாள். இன்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடினாள்.

நான் எழுதிய வரிகள். முதல் தடவையாகக் கேட்டேன்.

ஜூன் 10
அலுவலகம். நாள் முழுக்க எக்செல். உள்ளே அந்தக் குரல். பயமும் போகவில்லை — நான் இல்லாமலே நன்றாக இருக்கிறதே.

ஜூன் 21, சனி
ஜொகூர் பாரு. அல்ஃபியாவின் ஸ்டூடியோ. ஒலிகளை ஒன்றாக்கும் மிக்ஸிங் முடிகிற கட்டம். அந்த ஞாயிறு பதிவுசெய்த பாடலைப் போட்டார். என் நான்கு ஸ்வரங்களும் இருந்தன. அழகாகவே இருந்தன. ஆனால் ஷர்மினி கடைசி வரிக்கு மூச்சு எடுக்கும் இடத்தில்தான் அவை வந்து விழுந்தன.

“அதயும் எடுத்துடுங்க” என்றேன்.

அல்ஃபியா திரும்பிப் பார்த்தார். “நெஜமாவா? அப்புறம் இந்தப் பாட்டுல நீ இல்ல.”

தலையாட்டினேன். எடுத்தார். மறுபடி போட்டார்.

அவள் மூச்சு கேட்டது.